தூத்துக்குடிக் கரையும் புதிய ஊர்திகளும்: ஓர் ஆய்வு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், துறைமுகத்திற்கும் உப்பளங்களுக்கும் உரத் தொழிற்சாலைக்கும் அருகே அமைந்த முத்தையாபுரமும் அதனை அடுத்த கடற்கரை ஊர்களும், எதிர்காலப் போக்குவரத்து பற்றிய அறிவிப்புகளை 2024ஆம் ஆண்டு முதல் அடுத்தடுத்துக் கேட்டு வருகின்றன. அவ்வாண்டு பிப்ரவரி 25 அன்று வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 28 அன்று, தூத்துக்குடியில் நடந்த ஒரே விழாவில் வெளித்துறைமுகத் திட்டத்திற்கும் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்திற்கும் அடிக்கல் நாட்டப்பட்டதோடு, கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான ஹைட்ரஜன் படகும் காணொலி வழியாகத் தொடங்கிவைக்கப்பட்டது. 2025 ஜூலையில் விமான நிலையத்தின் புதிய முனையமும், ஆகஸ்டில் கார் தொழிற்சாலையும், செப்டம்பரில் துறைமுகத்தின் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி நிலையமும் திறக்கப்பட்டன. தரை, நீர், வான், விண்வெளி ஆகிய நான்கு வழிகளுக்கும் உரிய புதிய ஊர்திகள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே மாவட்டத்தின் செய்தியாக ஆனது தமிழகத்தில் வேறெங்கும் எளிதில் காண இயலாதது.

இவ்வறிவிப்புகளைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் ஊர்தியின் வேகம், தோற்றம், விலை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இக்கரையின் நூற்றைம்பது ஆண்டுப் போக்குவரத்து வரலாற்றைத் தொடர்ச்சியாகப் பார்க்கும்போது, ஒரு புதிய ஊர்தி இங்கே நிலைத்ததா, வந்த வேகத்தில் போனதா என்பதை அதன் வேகமோ புதுமையோ தீர்மானிக்கவில்லை என்பது தெளிவாகிறது. அதன் எரிபொருள் கரையிலேயே கட்டுப்படியான விலைக்குக் கிடைத்ததா, பழுதானால் உள்ளூர்ப் பட்டறையில் சரிசெய்ய முடிந்ததா, அதன் உரிமையிலும் வருவாயிலும் கரையில் வாழ்வோருக்குப் பங்கு இருந்ததா என்பவையே தீர்மானித்திருக்கின்றன. இக்கட்டுரை பழைய ஊர்திகளையும் புதிய ஊர்திகளையும் இதே அளவுகோலால் ஆராய்கிறது.

நீராவிக் கப்பலும் ரயிலும் இக்கரைக்கு வந்த முதல் பெரும் தொழில்நுட்பங்கள். 1876இல் ரயில் பாதை தூத்துக்குடியை எட்டியதும், தென்னிந்தியாவிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பயணிகள் ரயிலில் இங்கு வந்து நீராவிக் கப்பலில் ஏறும் வழக்கம் உருவானது. அக்காலத்துத் தூத்துக்குடித் துறை ஆழமற்றது. பெரிய கப்பல்கள் பல மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே கொண்டுசெல்வது தோணிகளின் வேலையாக இருந்தது. எனவே நீராவி வந்தபின் தோணித் தொழில் அழியவில்லை. அதற்கு மாறாக, நீராவிக் கப்பலின் வரவே தோணிகளுக்கு நிலையான வேலையைத் தந்தது. இக்கரையில் புதிய தொழில்நுட்பம் பழையதை எப்போதும் துடைத்தெறிந்துவிடவில்லை என்பதற்கு இது முதற்சான்று.

அந்த நீராவி வழித்தடத்தின் உரிமை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியிடம் இருந்தது. அவ்வுரிமையைக் கேள்விக்குள்ளாக்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவுசெய்யப்பட்டது. பத்து லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்ற அதன் அமைப்பே ஆராயத்தக்கது. பெருவணிகர்கள் மட்டுமன்றி நடுத்தர வருவாய் உடையவர்களும் ஒரு கப்பல் நிறுவனத்தின் பங்குதாரர் ஆகக்கூடிய அளவில் பங்கின் விலை வைக்கப்பட்டிருந்தது. தொடக்கத்தில் கம்பெனி கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. எதிர்த்தரப்பின் நெருக்குதலால் வாடகைக் கப்பல்கள் கைநழுவிப் போனபின், சொந்தக் கப்பல் இல்லாமல் தொழில் நடவாது என்ற முடிவுக்கு வந்து, எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்னும் இரு கப்பல்களை வாங்கி 1907இல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது.

அதன்பின் நடந்த கட்டணப் போட்டியில், வெள்ளையர் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்ததாகவும், சுதேசிக் கம்பெனி அதனை எட்டணாவாக்கியதாகவும், அதற்கும் மேலே சென்ற எதிர்த்தரப்பு இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாக அறிவித்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இரு தரப்புக் கப்பல்களும் ஒரே வகைத் தொழில்நுட்பம் கொண்டவை. வேகத்திலோ வசதியிலோ பெரிய வேறுபாடு கிடையாது. இழப்பை எவ்வளவு காலம் தாங்க முடியும், அரசு எவர் பக்கம் நிற்கிறது என்பவற்றில்தான் வேறுபாடு இருந்தது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இந்த வரலாறு பெரும்பாலும் தியாக வரலாறாக மட்டுமே சொல்லப்படுகிறது. அது தியாக வரலாறுதான்; அதனோடு, ஒரு தொழில்நுட்பத்தைக் கையாளத் தெரிந்திருந்தாலும் அதற்கான மூலதனமும் வழித்தட உரிமையும் கைவசம் இல்லாதபோது என்ன நேரும் என்பதைக் காட்டும் பொருளாதார வரலாறும் ஆகும். இன்று மின்சார ஊர்தியைப் பற்றிப் பேசுவோர் இந்தப் பகுதியையும் கவனமாகப் படிக்க வேண்டும்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, கொழும்புப் பயணம் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாக மாறியதும், தூத்துக்குடியின் பயணிகள் கப்பல் தன் முதன்மையை இழந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 2011 ஜூனில் மீண்டும் தொடங்கிய ஸ்கோட்டியா பிரின்ஸ் கப்பல் சேவை அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றது. ஆயிரம் பேர் ஏறக்கூடிய கப்பலை ஒரே இரவில் கொழும்பு சேர்ப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் கப்பல் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் எரிபொருள் செலவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், விமானக் கட்டணம் குறைந்துவிட்ட காலத்தில் பாதி நிறைந்த கப்பல் தன் செலவைத் தானே ஈடுகட்ட இயலாது.

1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, கப்பல்கள் நேரடியாகத் துறையில் அணையத் தொடங்கியதும், சரக்கு மாற்றும் தோணியின் பழைய வேலை முடிவுக்கு வந்தது. ஆயினும் தோணிகள் மறையவில்லை. பாய்மரத்தோடு எஞ்சினையும் பொருத்திக்கொண்டு, பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் காய்கறி, மளிகை, கட்டுமானப் பொருட்கள் ஆகியவற்றை அவை கொண்டுசெல்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் ஓய்வெடுக்கின்றன. பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் நுழையாத சிறு துறைகளுக்குச் சில நூறு டன் சரக்கை ஏற்றிச் செல்ல மரத்தோணியே பொருத்தமாக இருப்பதும், அதைக் கட்டவும் பழுதுபார்க்கவும் தெரிந்த தச்சர்கள் கரையிலேயே இருப்பதும் அது நிலைத்ததற்குக் காரணங்கள்.

அண்மைக் காலத்தில் இக்கரையில் உண்மையாகவே வேரூன்றிய நுகர்பொருள் தொழில்நுட்பத்தைத் தேடினால், கார்களையும் ஸ்கூட்டர்களையும் விட மீனவரின் கையளவுக் கருவியான ஜி.பி.எஸ். தான் முதலில் நிற்கும். செயற்கைக்கோள்களிலிருந்து வரும் வானொலி அலைகளின் நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு, கருவி இருக்கும் இடத்தைக் காட்டும் இம்முறை அமெரிக்கப் படைத்துறைக்காக உருவாக்கப்பட்டது. பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கியதும், நூறு மீட்டர் அளவில் இருந்த பிழை பத்து, இருபது மீட்டராகச் சுருங்கியது. மன்னார் வளைகுடாவில் இந்த வேறுபாடு பெரிது. கடலடிப் பாறைத் திட்டான பாரைச் சுற்றியே இங்கு மீன் கூடுகிறது. முத்துச்சிப்பி படிந்ததும் பார்களில்தான். அப்பாரை மீண்டும் கண்டுபிடிக்க, கோயில் கோபுரம், மாதா கோயில், பனைக்கூட்டம், தொலைவில் தெரியும் மலை ஆகியவற்றில் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்துப் பார்க்கும் முறையைத் தலைமுறை தலைமுறையாக மீனவர் கையாண்டனர். மூடுபனியிலும் இரவிலும் கரை மறையும் தொலைவிலும் அம்முறை உதவாது, ஜி.பி.எஸ். உதவியது. பேட்டரியில் ஓடுவது, ஒரு நல்ல மீன்பாட்டில் விலை ஈடாகிவிடக்கூடியது, ஒருவரிடமிருந்து மற்றொருவர் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடியது என்பதால், எந்த அரசு விழாவும் இல்லாமலேயே அது படகுக்குப் படகு பரவியது.

கைப்பேசியின் கதையும் இதை ஒத்தது. 1997 முதல் 2001 வரை கேரளக் கரையில் கைப்பேசி வந்தபோது மத்தி மீன் சந்தைகளில் நேர்ந்த மாற்றத்தை ஆராய்ந்து ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. எந்தத் துறையில் விலை நன்றாக இருக்கிறது என்பதைக் கடலிலிருந்தே கேட்டறிந்ததால், விற்காமல் வீணான மீன் இல்லாமற்போனது, மீனவரின் இலாபம் ஏறத்தாழ 8 விழுக்காடு கூடியது, வாங்குவோருக்கு விலை ஏறத்தாழ 4 விழுக்காடு குறைந்தது என்று அவ்வாய்வு கண்டது. ஆனால் கைப்பேசியின் எல்லை கரைக்கோபுரத்தின் அலை எட்டும் தூரம்தான். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல், ஆழ்கடலில் இருந்த குமரி மீனவருக்கு எச்சரிக்கை எட்டாத அவலத்தைக் காட்டியபின், இஸ்ரோ உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தியைப் பெறவும் அனுப்பவும் உதவும் கருவி, விசைப்படகுகளில் பொருத்தப்பட்டது. நாட்டுப்படகில் செல்வோருக்கும் இதே பாதுகாப்பு உறுதியாக எட்ட வேண்டும். சிறிய படகில் செல்வதால் ஓர் உயிரின் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை.

புதிய கருவி வந்தால் நன்மை மட்டுமே வரும் என்பதும் உண்மையன்று. கல்லும் கயிறும் துணையாக மூச்சடக்கி மூழ்கிய முத்துக்குளிப்பு, 1961க்குப் பின் நடைபெறவில்லை. சங்குகுளி மட்டும் தொடர்கிறது. அதில் முதலில் கண்ணாடி முகமூடியும் துடுப்புக் காலணியும், பின்னர் காற்று உருளையும் கம்ப்ரசர் குழாயும் வந்தன. மூச்சடக்கி மூழ்குபவரின் நுரையீரலே அவருக்கு நேர எல்லையை வகுத்தது. குழாய்வழிக் காற்று அந்த எல்லையை நீக்கியபோது, ஆழத்தில் நெடுநேரம் இருப்பவரின் குருதியில் கரையும் நைட்ரஜன், வேகமாக மேலேறினால் குமிழ்களாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும் நோய் வந்தது. முறையான பயிற்சி, ஆழ அட்டவணை, அழுத்த அறை கொண்ட மருத்துவமனை ஆகிய மூன்றும் கருவியோடு சேர்ந்து வராமல், கருவி மட்டும் வந்ததன் விளைவு இது.

இனி மின்சார ஊர்திகளை நோக்கலாம். சில்லாநத்தம் பகுதியில் சிப்காட் நிலத்தில் 400 ஏக்கரில் அமைந்து, 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை, தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்களைத் தயாரிக்கும் திறனும், பின்னர் அதனை 1,50,000 வரை உயர்த்தும் வாய்ப்பும் கொண்டது. இங்கு உருவாகும் வி.எஃப். 6 கார் 59.6 கிலோவாட்-மணி பேட்டரியோடு, 16.49 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் 2025 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. கிலோவாட்-மணி என்பது மின்கட்டணச் சீட்டில் நாம் காணும் ஒரு யூனிட்தான். ஆகவே காலியான பேட்டரியை நிரப்ப ஏறத்தாழ 60 யூனிட் தேவை. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் இதற்குப் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாகும் என்றாலும், நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஐந்தாறு யூனிட்டே செலவாவதால், இரவில் இரண்டு மணி நேரம் போட்டுவைத்தால் போதும். தொழிற்சாலைக்கு இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் முதற்காரணம் துறைமுகத்தின் அருகாமை. பாகங்கள் கடல்வழி வந்து, கார்கள் கடல்வழி போகலாம். ஆனால் கார் இங்கே உருவாவதாலேயே முத்தையாபுரத்து உப்பளத் தொழிலாளியோ துறைமுக ஒப்பந்தத் தொழிலாளியோ அதில் பயணம் செய்யப் போவதில்லை. அவர்களுக்கு எட்டும் மின்சார ஊர்தி ஸ்கூட்டரும் ஷேர் ஆட்டோவும்தான்.

தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கிய மாநிலம் அல்ல. ஓசூரும் கிருஷ்ணகிரியும் நாட்டின் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியில் முன்னணியில் நிற்கின்றன. விற்பனைக்குப் பிந்தைய சேவையே இடறும் இடம். நாட்டின் பெரிய தயாரிப்பாளர் ஒருவர் மீது, ஓராண்டுக்குள் 10,000க்கும் மேற்பட்ட புகார்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவானதைத் தொடர்ந்து, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டது. பெட்ரோல் வண்டி நின்றுவிட்டால் தெருமுனை மெக்கானிக் திறந்து பார்த்துச் சரிசெய்துவிடுவார். மின்சார வண்டியின் கட்டுப்பாட்டுப் பலகையும் பேட்டரி மேலாண்மைச் சுற்றும் தயாரிப்பாளரின் மென்பொருள் அனுமதியின்றித் திறவா. உப்புக்காற்று வீசும் ஊரில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து, இணைப்பு முனைகளிலும் சார்ஜிங் பிளக்குகளிலும் துருவையும் மின்கசிவையும் உண்டாக்கும். இவ்வூர்களில் இரும்புக் கிராதியும் மிதிவண்டியும் எவ்வளவு விரைவில் துருவேறுகின்றன என்பதை அறிந்தவர், சாலையோரச் சார்ஜிங் நிலையத்தின் பராமரிப்புக்கு ஓர் உறுதியான ஏற்பாடு இல்லாமல் அதன் திறப்பு விழாவை மட்டும் கொண்டாட மாட்டார். பழுதுநீக்கும் உரிமையும் அதற்கான கருவிகளும் உள்ளூர்ப் பட்டறைகளுக்கும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் கிடைக்கச் செய்வது, வாங்குவோருக்குத் தரும் மானியத்துக்குச் சற்றும் குறையாத தேவை.

கடலில் ஓடும் மின்சாரப் படகு இதைவிடக் கடினமான கணக்கு. பத்துக் குதிரைத்திறன் கொண்ட வெளிப்பொருத்து எஞ்சின் ஏறத்தாழ 7.5 கிலோவாட் ஆற்றல் தருவது. இரண்டு மணி நேர முழு ஓட்டத்துக்கு 15 கிலோவாட்-மணி வேண்டும். இதற்கு ஏழெட்டு லிட்டர் பெட்ரோல் போதும்; அதே ஆற்றலுக்கு லித்தியம் பேட்டரி என்றால் நூறு கிலோவும், ஈய-அமில பேட்டரி என்றால் நானூறு கிலோவும் படகில் ஏற வேண்டும். வலையும் பனிக்கட்டியும் நான்கு ஆட்களும் மீனும் ஏறவேண்டிய பைபர் வள்ளத்தில் அந்த எடை நேரடியாக வருவாயைத் தின்னும். கச்சான் காற்று வலுக்கும் மாதங்களில் எதிர்க்காற்றில் திரும்பும்போது ஆற்றல் தீர்ந்தால், அது வருவாய் இழப்போடு நிற்காது, உயிருக்கே ஆபத்தாகும். மாறாக, கேரளத்தின் வைக்கம், தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் 75 பேர் கொள்ளும் ஆதித்யா சூரியப் படகும், 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவும் வெற்றி பெற்றதற்குக் காரணம், அவை காயலின் அமைதியான நீரில், குறுகிய, மாறாத தடத்தில், ஒவ்வொரு முறையும் சார்ஜ் செய்யும் துறைக்கே திரும்புகின்றன என்பதுதான். நார்வேயில் 2015இல் ஓடத் தொடங்கிய ஆம்பியர் என்னும் மின்சாரப் படகுக்கும் இதுவே பொருந்தும். மன்னார் வளைகுடாவின் மீன்பிடிப் படகுக்கு அந்நிலைமைகளில் ஒன்றும் இல்லை. எனவே, கேரளத்தில் முடிந்தது இங்கு ஏன் முடியவில்லை என்று மீனவரைக் குறை கூறுவது அறியாமை.

பேட்டரியின் எடைக்கு மாற்றாக முன்வைக்கப்படுவது ஹைட்ரஜன். நீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிப்பதற்கு மின்னாற்பகுப்பு என்று பெயர்; அம்மின்சாரம் காற்றிலிருந்தோ சூரியனிலிருந்தோ வந்தால் கிடைப்பது பசுமை ஹைட்ரஜன். எரிபொருள் கலம் என்னும் கருவி ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மீண்டும் மின்சாரமாக்கும். வெளிவருவது நீராவி மட்டுமே. வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கிய தூத்துக்குடித் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட, 3.87 கோடி ரூபாய் செலவிலான முன்னோடி நிலையம், மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் தரும். அதிலிருந்து பெறும் மின்சாரம் துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் ஒரு சார்ஜிங் நிலையத்துக்கும் பயன்படுகிறது.

இதன் அளவைப் புரிந்துகொள்வது அவசியம். பத்துக் கன மீட்டர் ஹைட்ரஜனின் எடை ஏறத்தாழ 900 கிராம். ஒரு கிலோவைப் பிரிக்க இன்றைய கருவிகளுக்கு ஐம்பது யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். அதை எரிபொருள் கலத்தில் கொடுத்தால் பதினாறு, பதினேழு யூனிட் திரும்பக் கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே வெப்பமாகப் போய்விடுகிறது. பேட்டரியில் போட்டு எடுத்தாலோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திரும்பும். எனவே தெருவிளக்குக்கும் காருக்கும் ஹைட்ரஜன் தேவையில்லை. முன்னோடி நிலையத்தின் பயன், கருவிகளை இயக்கவும் பாதுகாப்பாகக் கையாளவும் உள்ளூர்ப் பொறியாளர்களுக்குக் கற்றுத் தருவதில் இருக்கிறது. பேட்டரியால் இயலாத நெடுந்தூரக் கப்பலுக்குத்தான் ஹைட்ரஜன் உண்மையில் வேண்டும்; அதுவும் வாயுவாக அன்று. திரவமாக்க மைனஸ் 253 பாகை வரை குளிர்விக்க வேண்டிய ஹைட்ரஜனைவிட, மைனஸ் 33 பாகையிலேயே திரவமாகும் அம்மோனியாவும், சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் மெத்தனாலும் கப்பலின் தொட்டிக்கு ஏற்றவை. மெத்தனாலில் ஓடும் முதல் சரக்குப் பெட்டகக் கப்பலான லாரா மெர்ஸ்க் 2023இல் கடலுக்கு வந்துவிட்டது. குஜராத்தின் காண்ட்லாவுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பசுமைக் கப்பல் தடம் அமைக்கும் நோக்கோடு, 750 கன மீட்டர் கொள்ளும் மெத்தனால் நிரப்பு நிலையத்துக்கு இங்கு அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. உரத் தொழிலின் காரணமாக அம்மோனியாவைக் கையாண்டு பழகிய தொழிலாளர் பல்லாண்டுகளாக முத்தையாபுரத்தைச் சுற்றி வாழ்வது இத்திட்டத்திற்கு ஒரு பெரும் செல்வம். அறிவிப்புகளில் அது பேசப்படுவதே இல்லை.

நீரைப் பற்றியும் கேட்டாக வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்குப்படி ஒன்பது லிட்டர் தூய நீர் வேண்டும். தூய்மைப்படுத்துதல், குளிர்வித்தல் ஆகியவற்றைச் சேர்த்தால் அளவு கூடும். முன்னோடி நிலையத்துக்கு இது நாளொன்றுக்குச் சில நூறு லிட்டர்தான். ஆனால் ஆண்டுக்குப் பல லட்சம் டன் என்று பேசப்படும் திட்டங்கள் வந்தால், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து ஆலைகளுக்குத் நாளொன்றுக்கு இருபது மில்லியன் காலன் தாமிரபரணி நீர் எடுக்கும் 20 எம்.ஜி.டி. திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் நடத்திய நெடுங்காலப் போராட்டம் மீண்டும் மூளும். கடல்நீரை நன்னீராக்கிப் பயன்படுத்துவதற்கு ஹைட்ரஜனின் மொத்த மின்செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய அளவே கூடுதலாகும் என்பதால், ஆற்று நீரைத் தொடாமலேயே இத்தொழிலை நடத்த முடியும். உரிமம் வழங்கும்போதே அதை நிபந்தனையாக்க வேண்டும். நன்னீராக்கலில் மிஞ்சும் அடர் உப்புநீரை, 21 தீவுகளையும் பவளப் பாறைகளையும் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் நீரோட்டத்தில் கலக்காமல், அருகிலுள்ள உப்பளங்களுக்குத் திருப்ப இயலுமா என்பது தீவிரமாக ஆராயத்தக்க வாய்ப்பு.

மேலும் தொலைவான கனவுகளைச் சுருக்கமாகக் கூறினால் போதும். காற்று நீக்கப்பட்ட குழாயில் காந்தத்தால் மிதக்கும் பெட்டி விரையும் ஹைப்பர்லூப்புக்கு, ஐ.ஐ.டி. மெட்ராஸ் தையூர் வளாகத்தில் 422 மீட்டர் சோதனைப் பாதை அமைத்துள்ளது. மாணவர்களின் திறனுக்கு அது பெருமையான சான்று. ஆனால் 2020இல் நெவாடாவில் இருவரை ஏற்றிச் சோதித்த ஹைப்பர்லூப் ஒன் நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. மகாராஷ்டிரம் 2019இல் ஒப்புதல் அளித்த புனே, மும்பைத் தடம் கட்டப்படவே இல்லை. இதே காலத்தில், 2011-12இல் ஒப்புதல் பெற்ற மதுரை, அருப்புக்கோட்டை, தூத்துக்குடி ரயில் பாதையில் மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரையிலான சிறு பகுதியே முடிந்திருக்கிறது. தென்மாவட்ட மக்கள் பல்லாண்டாகக் கேட்டுவருவது இந்தச் சாதாரணப் பாதையைத்தான். நீர்ப்பரப்புக்குச் சில மீட்டர் மேலே காற்று மெத்தையில் பறக்கும் கடற்சறுக்கி ஊர்தியில் 600 ரூபாய்க்குச் சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லலாம் என்று ஓர் இளம் நிறுவனம் 2025 தொடக்கத்தில் அறிவித்தது. அத்தகைய ஊர்தி தூத்துக்குடிக்கும் வருமானால், இரவில் மங்கிய விளக்கோடு வலைவிரித்து நிற்கும் நாட்டுப்படகுகளுக்கு நடுவே அது எப்படிச் செல்லும் என்பதற்கு முதலில் விடை வேண்டும். குலசேகரன்பட்டினம் மட்டும் இவற்றினின்று வேறுபட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்லும்போது எரிபொருள் வீணாகிறது, குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கு நோக்கி ஏவலாம். சிறிய எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு இந்தச் சேமிப்பு பெரிது. ஏவும் நாட்களில் கடலுக்குச் செல்லக்கூடாது என்று தடுக்கப்படும் மீனவருக்கு அந்நாளின் கூலியை முன்னரே உறுதிசெய்வது அத்திட்டத்தின் செலவில் கணக்கிடவும் முடியாத சிறு பகுதி.

இவை அனைத்தையும் விட இக்கரைக்கு உடனே பொருந்தும் புதிய ஊர்திகள் இரண்டு. இரண்டும் படம் எடுத்துப் பரப்பப்படாதவை. ஒன்று துறைமுகத்தின் இழுவைப் படகு. 2024 ஆகஸ்டில் தொடங்கிய பசுமை இழுவைப் படகு மாற்றுத் திட்டத்தின்படி, நான்கு பெருந்துறைமுகங்களில் ஒன்றான தூத்துக்குடியும் 2027க்குள் குறைந்தது இரண்டு பசுமை இழுவைப் படகுகளைப் பெற வேண்டும். எப்போதும் துறைமுகத்துக்குள்ளேயே இயங்கி, வேலை முடிந்ததும் தன் இடத்துக்கே திரும்பும் இழுவைப் படகுக்குக் கொச்சி நீர் மெட்ரோவின் நிலைமைகள் அப்படியே பொருந்துகின்றன.

மற்றொன்று கண்டெய்னர் லாரி. ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளும் துறைமுகத்திற்கும் ஊரைச் சுற்றியுள்ள சரக்குப் பெட்டக நிலையங்களுக்கும் இடையே, ஒரு நடைக்குப் பத்து, இருபது கிலோமீட்டரே ஓடும் டிரெய்லர்கள், வாயிலில் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் டீசல் புகையைக் கக்குகின்றன. அப்புகையைச் சுவாசிப்பவர்கள் துறைமுகச் சாலையிலும் திருச்செந்தூர் சாலையிலும் குடியிருப்போர். கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட் வரை எடுத்துக்கொள்ளும் மின்சார டிரெய்லர், 250 யூனிட் பேட்டரியோடு ஒரு நாளில் பல நடைகளை முடித்துவிடும்; வரிசையில் நிற்கும்போது மின்சாரம் பெரிதாகச் செலவாவதும் இல்லை. நாடெங்கும் 5,600 மின்சார லாரிகளுக்கு, ஒன்றுக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை தரும் திட்டத்தை 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் லாரித் தொழிலில் ஒன்றோ இரண்டோ வண்டி வைத்திருப்பவருக்கு, ஊக்கத்தொகை போக மிஞ்சும் விலையும் டீசல் வண்டியின் விலையைவிட மிக அதிகம்; வங்கிக் கடனுக்குப் பிணையாகப் பழைய பேட்டரியின் மறுவிற்பனை மதிப்பை எவரும் இன்னும் உறுதிசெய்யவில்லை. பேட்டரியைத் துறைமுகம் அல்லது ஒரு கூட்டுறவுச் சங்கம் சொந்தமாக வைத்துக்கொண்டு, ஓடிய கிலோமீட்டருக்கு வாடகை வாங்கும் ஏற்பாடு வந்தால் மட்டுமே சிறு உரிமையாளர் இத்தொழிலில் நீடிப்பார். வராவிட்டால், நூறு வண்டி வாங்கக்கூடிய வெளியூர் நிறுவனத்தின் கீழ் அவரே சம்பளத்துக்கு ஓட்டுநராவார். சார்ஜிங் முற்றத்திற்கான இடத்தைத் துறைமுக நிலத்தில் ஒதுக்கும் முன்பே இந்த ஏற்பாட்டை லாரி உரிமையாளர் சங்கங்களோடும் ஓட்டுநர்களோடும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.